இரும்பு நாற்காலிக்கான பட்டியல்

ஏப்ரல் 22, திங்கள்

கல்லூரிகளுக்கு இடையிலான இறுதி ஆட்டத்தில் நாங்கள் தோற்று இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. இன்னும் எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் காலையில் ஆறு தோசை இறங்கியதை என் மனைவி செல்வராணி பார்த்திருக்கிறாள். அதனால் உள்ளதையே எழுதுகிறேன். சோறு இறங்குகிறது, மனசு ஆறவில்லை.

நாங்கள் என்றால் வேலவன் கலைக் கல்லூரி ஹாக்கி அணி. நான் அதில் ஆடியதில்லை. அந்தக் கல்லூரியில் படித்ததும் இல்லை. கல்லூரி வாசலுக்கு எதிரே பத்தொன்பது வருஷமாக 'செண்பகா ஜெராக்ஸ்' வைத்திருக்கிறேன், அவ்வளவுதான் சம்பந்தம். கோவில்பட்டிக்காரனுக்கு ஹாக்கி பார்க்க அதற்கு மேல் தகுதி தேவையில்லை.

இந்த டைரி சிமெண்ட் கடைக்காரர் கொடுத்தது. போன வருஷத்தது, அதனால் கிழமைகளை அடித்துத் திருத்திக்கொள்கிறேன். மெஷின் சர்வீஸ் தேதிகளை இதில் குறித்து வைக்கச் சொன்னாள் செல்வராணி. மெஷின் கண்ணாடியில் ஒரு கீறல் இருக்கிறது. எடுக்கிற ஒவ்வொரு நகலிலும் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக மயிரிழை போல ஒரு கோடு விழும். கண்ணாடியை மாற்றுங்கள் என்று மூன்று வருஷமாகச் சொல்கிறாள். ஊரில் யார் கையில் நகல் இருந்தாலும் அந்தக் கோட்டைப் பார்த்து நம் கடை என்று சொல்லிவிடலாம், இது விளம்பரம் மாதிரி என்று நானும் மூன்று வருஷமாகச் சொல்கிறேன். ஆகவே இந்த டைரியில் சர்வீஸ் தேதி எதுவும் இராது. அடுத்த சீசன் அணி மட்டும் இருக்கும்.

காரணம், நாற்காலி. கல்லூரி மைதானத்தின் மேற்குப் பக்கம், வேப்பமரத்தடியில் ஓர் இரும்பு நாற்காலி கிடக்கிறது. மற்ற எல்லோரும் வெயிலில் நின்றுதான் ஆட்டம் பார்க்க வேண்டும். நாற்காலியில் யார் உட்காருவது என்பதற்கு ஒரு முறை உண்டு. மே முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலத்துக்குள், அடுத்த சீசனில் இடம்பெறப் போகும் பதினெட்டுப் பேர் யார் என்று ஒவ்வொருவரும் எழுதி, உறையில் ஒட்டி, சொர்ணம் அண்ணாச்சி டீக்கடையில் கொடுத்துவிட வேண்டும். ஆகஸ்டில் கல்லூரி நோட்டீஸ் போர்டில் பட்டியல் வந்ததும் உறைகளைப் பிரிப்போம். யாருக்கு அதிகப் பெயர் சரியாக வந்ததோ அவருக்கு அந்த சீசன் முழுக்க நாற்காலி.

ஐந்து வருஷமாக அண்ணாச்சிதான் உட்கார்ந்திருக்கிறார். உறைகள் அவர் கடையில்தான் இருக்கின்றன என்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

ஏப்ரல் 25, வியாழன்

அண்ணாச்சிக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். ஒருவன் அணியில் இருப்பானா போவானா என்பதை அவன் ஆட்டத்தில் பார்க்கக் கூடாது. என்ன நகல் எடுக்கிறான் என்பதில் பார்க்க வேண்டும்.

கோல்கீப்பர் ஜெபஸ்டின் இன்று எம்.ஏ. விண்ணப்பம் நகல் எடுத்தான். ஆக, இன்னும் இரண்டு வருஷம் கோல் நம்முடையது. லெஃப்ட் அவுட் சுப்புக்குட்டி மூன்று பாடத்துக்கு மறுதேர்வு விண்ணப்பம் எடுத்தான். அவன் எங்கேயும் போக முடியாது. மனசுக்கு ரொம்ப நிம்மதியாக இருந்தது.

"அடுத்தவன் பேப்பரை ஏன் படிக்கிறீக?" என்றாள் செல்வராணி. அவள் கடையில் டைப் அடிப்பவள். எல்லார் பேப்பரையும் வார்த்தை விடாமல் படிப்பவள்.

"நான் படிக்கலை. கண்ணு பாக்குது" என்றேன்.

இரவு பட்டியல் போட்டேன். முதல் பெயர் மாரிக்கண்ணன். ஃபுல் பேக். இரண்டாம் வருஷம் முடித்திருக்கிறான், இன்னும் ஒரு வருஷம் நம்மோடு இருப்பான். போன சீசனில் நாம் போட்ட முப்பத்தொரு கோலில் பத்தொன்பது பெனால்டி கார்னரில் வந்தவை. பத்தொன்பதையும் அடித்தது அவன். பந்தை அவன் மட்டையில் சேர்த்து இழுத்துச் சுண்டிவிடும்போது ஒரு சத்தம் வரும். அதைக் கேட்க நான் கடையைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறேன், வரிசையில் ஆள் நிற்கும்போதே.

மே 2, வியாழன்

வெயில். கல்லூரி விடுமுறை. ஒரு ரேஷன் கார்டு, ஒரு ஜாதகம். ஜாதகத்தின் மேலும் கோடு விழுந்தது. ஆயுள் ரேகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

மே 6, திங்கள்

மாரிக்கண்ணன் வந்தான். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட், சாதிச் சான்று, ஜூனியர் தேசியப் போட்டியில் ஆடிய சான்றிதழ், எல்லாவற்றிலும் மூன்று மூன்று நகல் கேட்டான்.  மூன்று செட் எடுக்கிறவன் ஊரில் இருக்கப் போகிறவன் இல்லை.

"எங்கப்பா, எதும் வேற காலேஜுக்கா?" என்று கேட்டேன். திருச்சியில் இருந்தும் சென்னையில் இருந்தும் கல்லூரிக்காரர்கள் நல்ல ஆட்டக்காரர்களுக்கு வலை வீசுவது ஊரறிந்தது.

"சும்மாதாண்ணே" என்றான். அவன் சும்மா என்று சொன்ன விதத்தில் சும்மா இல்லை.

அதற்குள் அவனுக்கு போன் வந்தது. பேசிக்கொண்டே தாள்களை அள்ளிக்கொண்டு போய்விட்டான். அடுத்த ஆளுக்காக மெஷின் மூடியைத் திறந்தேன். கண்ணாடி மேல் தேசியப் போட்டிச் சான்றிதழின் ஒரிஜினல் கிடந்தது. நூற்றுக்கு ஐந்து பேர் இப்படித்தான், நகலைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு ஒரிஜினலை விட்டுவிட்டுப் போவார்கள். வழக்கமாக வாசலுக்கு ஓடிப் போய்க் கத்திக் கூப்பிடுவேன்.

இன்று முழங்கால் வலி. சான்றிதழைப் பத்திரமாக எடுத்து வைத்தேன். இந்த டைரியின் பின் அட்டையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கிறது. அங்கேதான். கடையில் வைத்தால் டோனர் தூசி படும்.

மே 7, செவ்வாய்

மாரிக்கண்ணன் வரவில்லை. அவன் போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. ஆனால் இதையெல்லாம் போனில் சொல்வது முறையில்லை.

மே 8, புதன்

வந்தான். முகம் வாடிப் போயிருந்தது. "அண்ணே, என் நேஷனல் சர்டிபிகேட்டை இங்க விட்டுட்டனா?"

நான் ஒரு வார்த்தை பேசவில்லை. மெஷின் மூடியைத் திறந்து காட்டினேன். கண்ணாடி சுத்தமாக இருந்தது. நீயே பார்த்துக்கொள் என்கிற மாதிரி கையைக் காட்டினேன். அவன் குனிந்து மெஷினுக்கு அடியிலும் பார்த்தான். நானும் கூடக் குனிந்து பார்த்தேன். இதில் எதுவும் பொய் கிடையாது. நான் பொய் சொல்லுகிற ஆள் இல்லை.

அவன் போன பிறகு செல்வராணி, "முழங்கால் வலின்னீக, இப்ப குனிய முடியுதே" என்றாள்.

மே 9, வியாழன்

எபனேசர் சார் கடைக்கு வந்தார். கல்லூரி அணியின் கோச். ஏதோ படிவம் நகல் எடுக்க வந்தவர், தானாகவே பேச்சை எடுத்தார்.

"மகாராஜன், நம்ம மாரி சர்டிபிகேட்டைத் தொலைச்சுட்டு நிக்கான். வர்ற இருபத்தஞ்சாம் தேதி சென்னைல ஒரு ஆபீஸ் டீமுக்கு ஆள் எடுக்காங்க. விளையாட்டு ஒதுக்கீட்டுல வேலை. நான்தான் பேர் கொடுத்திருக்கேன். ஒரிஜினல் இல்லன்னா கிரவுண்டுக்குள்ளேயே விட மாட்டான். இதை விட்டா இனி ரெண்டு வருஷத்துக்கு ஆள் எடுக்க மாட்டாங்க."

"சார், இன்னும் ஒரு வருஷம் படிப்பு இருக்கே. படிப்பு முக்கியம் இல்லையா?" என்று கேட்டேன். படிப்பைப் பற்றி நான் பேசியதை அவர் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தார்.

"மீதியைத் தபால்ல முடிச்சுக்கிடலாம். அவங்க அம்மா ஒத்தையாளா தீப்பெட்டி ஆபீஸ் போய் அவனை ஆளாக்குனவங்க."

ஒரு கோச் தன் அணியின் ஒரே பெனால்டி கார்னர் ஆட்டக்காரனைத் தானே கையைப் பிடித்து வெளியே அனுப்புகிறார். அணியின் மேல் அக்கறை உள்ள ஒரே ஆள் இந்த ஊரில் நான்தான் போலிருக்கிறது.

மே 10, வெள்ளி

மாரிக்கண்ணன் இல்லாமல் ஒரு பட்டியல் எழுதிப் பார்த்தேன். பதினேழு பெயர் எழுதினேன். பதினெட்டாவது இடத்தில் பேனா நின்றுவிட்டது. அந்த இடத்தில் யாரை எழுதினாலும் பெனால்டி கார்னர் அடிக்க ஆளில்லை. பந்தை எல்லைக் கோட்டில் இருந்து தள்ளிவிட ஆள் இருக்கிறது. நிறுத்த ஆள் இருக்கிறது. அதன் பிறகு எல்லோரும் சுற்றி நின்று பந்தைப் பார்க்க வேண்டியதுதான்.

தாளைக் கிழித்துவிட்டேன். பட்டியலில் மாரிக்கண்ணன் இருக்கிறான்.

மே 13, திங்கள்

இன்று நடந்ததை எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதாவிட்டால் தூக்கம் வராது போல இருக்கிறது.

சான்றிதழ் தொலைந்தால் போலீஸில் மனு கொடுக்க வேண்டும். மனுவை டைப் அடித்துக் கொடுக்க வேண்டும். கல்லூரி ரோட்டில் டைப் அடிக்கும் கடை ஒன்றுதான். மாரிக்கண்ணனும் அவன் அம்மா கனியம்மாளும் என் கடைக்கே வந்தார்கள்.

கனியம்மாள் வேலைக்குப் போகாமல் வந்திருந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. "அய்யா, நல்லா உருக்கமா எழுதிக் குடுங்க" என்றார். செல்வராணி டைப் அடித்தாள். மனு சொல்லிப் பழக்கப்பட்ட வாய் என்பதால் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. 'மேற்படி சான்றிதழை எங்கோ கவனக்குறைவாகத் தவறவிட்டுவிட்டேன்' என்று சொன்னேன்.

செல்வராணி கையை நிறுத்திவிட்டு மாரிக்கண்ணனைப் பார்த்தாள். "கடைசியா எங்க பாத்த தம்பி?"

"இங்கதான் மதினி. மெஷின்ல வச்சப்ப."

"கடைசியாகப் பார்த்த இடம், செண்பகா ஜெராக்ஸ்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே அடித்தாள். கடையின் பெயரை மட்டும் தடித்த எழுத்தில் போட்டாள். மனுவில் தடித்த எழுத்து எதற்கு என்று கேட்டேன். விளம்பரம் மாதிரி இருக்கட்டும் என்றாள்.

கனியம்மாள் என்னிடம், "மனு குடுத்தா கெடச்சிருமாய்யா?" என்று கேட்டார். மறு சான்றிதழ் வர மூன்று மாசம் ஆகும். எனக்கு அது தெரியும். "கெடைக்கும்மா" என்றேன். அது ஒன்றுதான் இன்று நான் சொன்ன பொய். இல்லை, உண்மையாகவும் இருக்கலாம். எனக்கே தெரியவில்லை.

மே 14, செவ்வாய்

சாம்பாரில் உப்பில்லை. சொல்லவில்லை. செல்வராணி காலையில் எங்கோ வெளியே போய்விட்டுப் பத்து மணிக்குக் கடைக்கு வந்தாள். கோயிலுக்கு என்றாள்.

அவள் இல்லாத நேரத்தில் டைரியின் பின் அட்டையைத் திறந்து சான்றிதழைப் பார்த்தேன். பத்திரமாக இருக்கிறது. இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக மெல்லிசாக ஒரு கோடு ஓடுகிறது. உறைக்குள் வைத்ததில் மடிப்பு விழுந்துவிட்டது போல. பாவம், பழைய தாள்.

மே 16, வியாழன்

மாரிக்கண்ணன் மைதானத்தில் ஒற்றை ஆளாகப் பயிற்சி செய்கிறான். இருபது பந்தை வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகச் சுண்டிவிடுகிறான். கடையில் உட்கார்ந்தே அந்தச் சத்தத்தைக் கேட்டேன். இருபதில் பதினேழு கோல் பலகையில் பட்டது.

என்னைப் பார்த்ததும் கையை உயர்த்திச் சிரித்தான். சான்றிதழைத் தொலைத்தவன் எப்படிச் சிரிக்கிறான் என்று தெரியவில்லை. வேலை ஆசையை விட்டுவிட்டான் என்று நினைக்கிறேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மூன்று தோசைக்கு மேல் இறங்கவில்லை.

மே 18, சனி

கனியம்மாள் ஒரு பை நிறைய வெள்ளரிக்காய் கொடுத்துவிட்டிருக்கிறார். "அய்யாவுக்குக் குடுங்க" என்று சொன்னாராம். செல்வராணி நறுக்கி, உப்பு மிளகாய்ப்பொடி போட்டு என் முன்னால் வைத்தாள்.

"எதுக்கு நமக்கு?" என்று கேட்டேன்.

"மனு டைப் அடிச்சுக் குடுத்தோம்லா. நல்ல மனுசங்க. தின்னுங்க."

ஒரு துண்டு எடுத்தேன். தொண்டையில் நின்றுவிட்டது. அவளோ நான் தட்டைக் காலி செய்யும் வரை என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

மே 20, திங்கள்

அண்ணாச்சி டீக்கடையில். "என்னவே ஜெராக்ஸு, மூஞ்சி செத்துப் போய்க் கெடக்கு. பட்டியல் ரெடியா?" என்றார். மாரிக்கண்ணன் இருப்பான்தானே என்று நோட்டம் பார்த்தார். அவன் வேலைக்குப் போக முயல்கிற விஷயம் இன்னும் கடைவீதிக்கு வரவில்லை.

"இருப்பான்" என்றேன். அவன் இருப்பான் என்பது இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் உறுதியாகத் தெரியும். அது ஏன் என்பதையும் எழுதிவிடுகிறேன். நான் அவன் சான்றிதழை ஒளித்து வைத்திருக்கிறேன். முழங்கால் வலியும் இல்லை, டோனர் தூசியும் இல்லை.  பக்கத்தைக் கிழிக்கலாமா என்று யோசித்தேன். கிழிக்கவில்லை.

மே 22, புதன்

நாளை சாயங்காலம் ஐந்தரை மணி பஸ்ஸில் மாரிக்கண்ணன் சென்னை போகிறான் என்று எபனேசர் சார் சொன்னார். சான்றிதழ் இல்லாமல் எப்படி என்று கேட்டேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

நகலை வைத்துக்கொண்டு போகிறான் போலிருக்கிறது. அங்கே போய், வெயிலில் வரிசையில் நின்று, வாசலில் திருப்பி அனுப்பப்படுவான். ஒரு ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் உட்கார்ந்து திரும்பி வருவான். அப்படி வருகிறவன்தான் எனக்குப் பெனால்டி கார்னர் அடிக்க வேண்டும்.

மே 23, வியாழன்

நாலே முக்காலுக்கே கடையை விட்டு எழுந்துவிட்டேன். டைரியை ஒரு பையில் போட்டேன். எங்கே என்று செல்வராணி கேட்கவில்லை. "பஸ்ஸு அஞ்சரைக்கு" என்று மட்டும் சொன்னாள். பாதி வழி வந்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

பஸ் நிலையத்தில் மாரிக்கண்ணன் ஹாக்கி மட்டைப் பையோடு தனியாக நின்றான். அம்மாவை வேலைக்கு அனுப்பிவிட்டு வந்திருந்தான். நான் டைரியின் பின் உறையில் இருந்த தாளை எடுத்து நீட்டினேன். வாங்கிப் பார்த்தவன் குழம்பினான்.

"இது எதுக்குண்ணே? மதினிதான் அன்னைக்கே குடுத்துட்டாகளே."

"எது?"

"ஒரிஜினல். போன வாரம் செவ்வாக்கிழமை காலைல வீட்டுக்கே வந்து குடுத்தாக. மெஷினைப் பிரிச்சு நீங்கதான் தேடி எடுத்தீகளாம். அண்ணன் கூச்சப்படுவாக, நன்றி கின்றின்னு போய் நிக்காதன்னு சொன்னாக. அம்மாதான் மனசு கேக்காம வெள்ளரிக்கா குடுத்துவிட்டா."

தாளைத் திரும்ப வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். ப்ராஜெக்ட் அட்டைக்கு வைத்திருக்கும் தடித்த தாள். நல்ல கலர் நகல். முத்திரையின் ஊதாகூட அப்படியே வந்திருந்தது. இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக எங்கள் கடைக் கோடு. பத்தொன்பது வருஷம் மெஷின் முன்னால் நின்றவன், பத்து நாளாக என் கடை நகலையே ஒரிஜினல் என்று காவல் காத்திருக்கிறேன்.

அப்படியே சிரித்துவிட்டு வந்திருக்கலாம். அவனுக்கு எதுவும் தெரியாது. செல்வராணி எனக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்து வைத்திருக்கிறாள். ஆனால் வெள்ளரிக்காய் இன்னும் தொண்டையில் நின்றது.

"மெஷினெல்லாம் பிரிக்கலப்பா. மொத நாளே எடுத்துட்டேன். எடுத்து ஒளிச்சு வச்சுட்டேன்."

மாரிக்கண்ணன் என்னைப் பார்த்தான். "ஏண்ணே?"

"பெனால்டி கார்னரு" என்றேன். 

அவன் பையின் வாரைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தான். "எங்கம்மா ரெண்டு நாளு சாப்பிடலண்ணே" என்றான். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. பஸ் நிலையத்தில், பூக்கடைக்கு முன்னால் நின்று, நாற்பத்தெட்டு வயசில் அழுதேன்.

பஸ் வர இன்னும் கால் மணி இருந்தது. இரண்டு பேரும் வேறு எங்கே போவது என்று தெரியாமல் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவன்தான் முதலில் பேச்செடுத்தான்.

"அண்ணே, நான் போயிட்டா கார்னரு யாரு அடிப்பா?"

"தெரியலப்பா. அதான் இவ்வளவும்."

"சுப்புக்குட்டிக்குக் கை நல்லா வரும்ணே. இடது கால் பிந்துது, அதான் பந்து மேல போயிருது. அதைச் சொல்லிக் குடுத்திருக்கேன். அவன் அம்பது அடிச்சுப் பழகுதானான்னு மட்டும் கடைல இருந்து பாத்துக்கிடுங்க."

பஸ் வந்தது. படியில் ஏறியவன் திரும்பினான். "அம்மாட்ட சொல்லிராதீக. வெள்ளரிக்காயைத் திருப்பிக் கேப்பா."

மே 24, வெள்ளி

காலையில் செல்வராணியிடம் கேட்டேன், டைரியைப் படித்தாயா என்று.

"படிக்கலை. கண்ணு பாத்துச்சு" என்றாள்.

"அப்ப ஏன் சொல்லலை?"

"நீங்களா எப்பக் குடுக்கீகன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்." சாம்பாரில் இன்று உப்பு இருந்தது. "பத்து நாள் ஆயிருச்சு. இதுக்கு மேல போயிருந்தா எங்க அம்மா வீட்டுக்குப் போயிருப்பேன்."

மெஷின் கம்பெனிக்குப் போன் செய்து புதுக் கண்ணாடி சொன்னேன். முதல் சர்வீஸ் தேதி: ஜூன் 3.

மே 31, வெள்ளி

உறையை ஒட்டிக் கொடுத்தேன். சென்னையில் இருந்து இன்னும் தகவல் இல்லை. நூற்றுப் பத்துப் பேர் வந்தார்களாம், நாலு பேரைத்தான் எடுப்பார்களாம்.

பதினெட்டுப் பெயர் எழுதினேன். மாரிக்கண்ணனை எழுதவில்லை. அவனுக்கு வேலை கிடைக்காவிட்டால் இந்தப் பட்டியல் வீண். வீணாகக் கூடாது என்று செண்பகவல்லி அம்மனிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு பட்டியலை இப்படி மனசறிந்து எழுதியது இதுதான் முதல் தடவை.

ஜூன் 11, செவ்வாய்

சுப்புக்குட்டி இன்று முப்பத்தெட்டு அடித்துவிட்டுக் கிளம்பப் பார்த்தான். கடை வாசலில் நின்று, இன்னும் பன்னிரண்டு பாக்கி என்று கத்தினேன். இந்த மனுசனுக்கு என்ன வந்தது என்கிற மாதிரி பார்த்துவிட்டு அடித்தான். மூன்று பந்து மேலே போனது. ஒன்று என் கடைப் பெயர்ப்பலகையில் பட்டது.

ஜூலை 4, வியாழன்

கிடைத்துவிட்டது.

ஆகஸ்ட் 12, திங்கள்

பட்டியல் ஒட்டினார்கள். அண்ணாச்சி கடையில் உறைகளைப் பிரித்தோம். எல்லார் பட்டியலிலும் முதல் பெயர் மாரிக்கண்ணன். என்னுடையதில் மட்டும் இல்லை. எனக்குப் பதினேழு சரி, அண்ணாச்சிக்குப் பதினாறு.

"மாரி போவான்னு உமக்கு எப்படிவே தெரிஞ்சுது?" என்று அண்ணாச்சி இரண்டு தடவை கேட்டார்.

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி. போகணும்னு நெனச்சேன்" என்றேன். அவர் நம்பவில்லை. என் டீயில் சர்க்கரை போடவில்லை.

செப்டம்பர் 14, சனி

சீசனின் முதல் ஆட்டம். பத்தொன்பது வருஷத்தில் முதல் முறையாக நாற்காலியில் உட்கார்ந்தேன். வேப்பமரத்து நிழல் முதுகு வரைக்கும் வந்தது. நாற்காலி நல்ல வசதியாகத்தான் இருந்தது. இடைவேளைக்குள் நமக்கு ஐந்து பெனால்டி கார்னர் கிடைத்தது. சுப்புக்குட்டி ஐந்தையும் அடித்தான். இரண்டு மேலே போனது, இரண்டைக் கோல்கீப்பர் தடுத்தான், ஒன்று எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. பூஜ்யத்துக்கு ஒன்று என்று பின்தங்கியிருந்தோம்.

தண்ணீர் குடிக்கக் கடைக்கு வந்தேன். கனியம்மாள் நின்றுகொண்டிருந்தார். பேப்பரில் இருந்து கத்தரித்த படம் ஒன்றைச் செல்வராணி மெஷினில் வைத்திருந்தாள். புது அணியின் உடுப்பில் மாரிக்கண்ணன், மட்டையைத் தரையோடு இழுத்துக் குனிந்திருக்கிறான். பந்து படத்தில் இல்லை, அதற்குள் போய்விட்டது.

"சொந்தக்காரங்களுக்குக் குடுக்கணும், நாலு போடுங்க" என்றார் கனியம்மாள். நகலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்பல்லாம் கோடு விழலையேய்யா."

"கண்ணாடி மாத்தியாச்சும்மா."

அவர் மஞ்சள் பையில் நகல்களை வைத்துக்கொண்டு கிளம்பினார். மைதானத்தில் இரண்டாம் பாதிக்கு விசில் அடித்தார்கள். மெஷினை அணைத்துவிட்டு ஓடலாம் என்று போனவன், பழக்கத்தில் மூடியைத் திறந்தேன். கண்ணாடி மேல் கத்தரித்த படம் கிடந்தது.

செல்வராணி என்னைப் பார்த்தாள்.  அந்த நேரம் பார்த்து மைதானத்தில் மறுபடி விசில், கூட்டத்தின் கூச்சல். பெனால்டி கார்னருக்குத்தான் அப்படிக் கத்துவார்கள்.

படத்தை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு எதிர்ப்பக்கம் ஓடினேன். கனியம்மாள் ஏறிய டவுன் பஸ் கிளம்பிவிட்டது. கையை ஆட்டிக்கொண்டே பின்னால் ஓடினேன், கண்டக்டர் விசில் கொடுத்து நிறுத்தினார். ஜன்னல் வழியாகப் படத்தை நீட்டினேன்.

"ஐயோ, இதைப் போய் விட்டுட்டு வந்துட்டேனே" என்றார் கனியம்மாள். "அன்னைக்கும் நீங்கதான் தேடிக் குடுத்தீக."

"நான் இல்லம்மா. செல்வராணிதான் குடுத்தா" என்றேன். பஸ் சத்தத்தில் அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. கையை எடுத்துக் கும்பிட்டார், பஸ் போய்விட்டது.

மூச்சு வாங்க நடந்து வரும்போது மைதானத்தில் பெரிய ஆரவாரம் கேட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது சுப்புக்குட்டியைத் தோளில் தூக்கி வைத்திருந்தார்கள். ஒன்றுக்கு ஒன்று. என் நாற்காலியில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"இருங்க அண்ணாச்சி" என்றேன். "அந்தக் கோலை நான் பாக்கலை. பந்தை யாரு தள்ளிவிட்டா, யாரு நிறுத்துனா, அதுல இருந்து ஆரம்பிச்சுச் சொல்லுங்க."